காலிச் சாக்கு எண்ண முடியாத கான்கிரீட்

செம்பூர் சேடா நகர் முருகன் கோவிலுக்குப் போனால் சாமி கும்பிட்டு வெளியே வருவதற்குள் இரண்டு கேள்விகள் என்னைப் பிடித்துக்கொள்ளும். "பாத்ரூம்ல லீக்கேஜ், என்ன பண்ணலாம்?" என்பது முதலாவது. அதற்குப் பதில் தெரிந்தால் நான் இன்னேரம் சொந்தமாக பில்டிங் கட்டியிருப்பேன், விட்டுவிடுவோம். இரண்டாவது கேள்வி, "எங்க டவர் முழுக்க ரெடிமிக்ஸ்லதான் கட்டினாங்களாம், அது ஸ்ட்ராங்கா இருக்குமா சார்?"

கட்டடத் தொழிலில் இருக்கிறவனிடம் மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கேட்பது நியாயம்தான். இருபது வருஷக் கடனை அந்த நாலு சுவருக்குள்தானே போட்டிருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் "இருக்கும் மாமி, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பிரசாத வரிசையில் நின்றுகொண்டு சொல்கிற விஷயமா இது? கொஞ்சம் நீளமான கதை. அதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். நடுநடுவே கொசுவத்திச் சுருள் சுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுருள் தென்காசிப் பக்கம். 1979-ல் அப்பா வீடு கட்ட ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் சிமென்ட் கடையில் போய் வாங்குகிற பொருள் இல்லை. தாசில்தார் ஆபீஸில் மனு கொடுத்து, பர்மிட் வாங்கி, அதைக் காட்டி எடுக்க வேண்டும். 80 மூட்டை கேட்டால் 40 எழுதுவார்கள். வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்தான் தாழையூத்து சங்கர் நகர் சிமென்ட் ஆலை. 1949-லிருந்து அங்கே சிமென்ட் தயாராகிறது. சாம்பல் படிந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே திருநெல்வேலிக்குப் போவோம். மரத்துக்குக் கிடைத்த சிமென்ட் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று அம்மா சொல்லுவாள்.

தளம் போடுகிற நாள் வீட்டில் கல்யாணக் களை. விடியற்காலம் மேஸ்திரி சாமி கும்பிட்டு ஆரம்பிப்பார். நாற்பது ஐம்பது பேர். மண்வெட்டியில் கலக்குகிறவர்கள், சாரத்தில் படிக்கு ஒருவராக நின்று சட்டி மாற்றுகிற பெண்கள், மேலே கொட்டி மட்டம் பார்க்கிற கொத்தனார். சாயங்காலம் கறிச்சோறு. அப்பா மட்டும் சாப்பிட உட்காரமாட்டார். கலவை போட்ட இடத்துக்குப் பக்கத்தில் குவித்திருந்த காலிச் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி மடித்து எண்ணிக்கொண்டிருப்பார். 40 மூட்டை இறக்கினோம், 40 சாக்கு இருக்கிறதா? கணக்கு சரியானால்தான் இலையில் உட்காருவார். வீடு கட்டின எல்லா வீட்டுக்காரர்களும் அந்தக் காலத்தில் செய்த வேலைதான் இது. தளத்துக்குள் போன சிமென்ட்டை யாரும் திரும்பப் பார்க்க முடியாது. ஆனால் சாக்கு சாட்சி சொல்லும்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இனி வெளியூர்க் கதை. கான்கிரீட்டை ஓரிடத்தில் கலந்து இன்னோரிடத்துக்கு விற்கலாம் என்பது நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட யோசனை. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் யூர்கன் ஹின்ரிச் மாகென்ஸ் என்பவர் 1903-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 1913-ல் வியாபார ரீதியாக வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆனால் சாதாரண வண்டியில் கொண்டுபோனால் வழியிலேயே ஜல்லி அடியில் இறங்கி, தண்ணீர் மேலே வந்து நிற்கும். ஆர்மீனியாவில் பிறந்து ஓஹையோவில் குடியேறிய ஸ்டீபன் ஸ்டெபானியன் என்பவர், லாரி மேலேயே சுழலும் கலவை டிரம்மை வைத்து 1916-ல் காப்புரிமைக்கு மனு போட்டார். இவ்வளவு எடையை எந்த லாரியும் தாங்காது என்று தள்ளிவிட்டார்கள். மனிதர் விடவில்லை, 1928-ல் வாங்கிவிட்டார். இன்று நம் தெருவில் வயிற்றைச் சுழற்றிக்கொண்டு போகிறதே டிரான்ஸிட் மிக்ஸர், அதன் தாத்தா அது.

ஏன் சுழற்ற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை. சிமென்ட்டும் தண்ணீரும் வினைபுரிந்து கெட்டியாகிறது. தண்ணீருக்குள்ளேயே மூழ்கி இருந்தாலும் இறுகும். தண்ணீர் பட்ட நிமிஷமே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். சுழற்றினால் கலவை பிரியாது, சீக்கிரம் இறுகவும் விடாது, அவ்வளவுதான். கடிகாரத்தை நிறுத்த முடியாது. அதனால் ரெடிமிக்ஸ்காரன் விற்பது சிமென்ட்டோ ஜல்லியோ இல்லை, நேரம். இந்திய விதிப்படி, தனியாக மருந்து ஏதும் சேர்த்து இறுகும் நேரத்தைத் தள்ளிவைக்காவிட்டால், டிரம்மில் ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும்.

(நேரத்தைத் தள்ளிவைக்கிற மருந்துகளில் ஒன்று என்ன தெரியுமா? சர்க்கரை! வண்டி வழியில் படுத்துவிட்டால் டிரைவர்கள் டிரம்முக்குள் சர்க்கரையோ வெல்லமோ கரைத்து ஊற்றுவார்கள். கலவை வீணாகும், ஆனால் டிரம் பிழைக்கும். நம் பாட்டன்கள் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் போட்டுக் கட்டினார்கள். சுண்ணாம்புக்கு ஆகிற வெல்லம் சிமென்ட்டுக்கு ஆகாது.)

இந்தியாவுக்கு வருவோம். 1955-ல் 23 நாள் இடைவெளியில் நேரு இரண்டு இடங்களுக்குப் போனார். நவம்பர் 17 அன்று பக்ரா அணைக்கு முதல் வாளி கான்கிரீட்டைக் கொட்டித் தொடங்கிவைத்தார். டிசம்பர் 10 அன்று நாகார்ஜுன சாகருக்கு அடிக்கல் நாட்டினார். முதலாவது இயந்திரம் கலந்த கான்கிரீட்டின் அணை, 226 மீட்டர் உயரம். அங்கே தலைமை தாங்கிய ஹார்வி ஸ்லோகம் என்ற அமெரிக்கருக்குக் கல்லூரிப் பட்டம் கிடையாது, கூலியாளாக ஆரம்பித்து அணை கட்டக் கற்றவர். இரண்டாவது கல் அடுக்கிக் கட்டிய அணை, பல்லாயிரம் பேர் தலையில் சுமந்து கட்டியது. சிமென்ட்டும் இயந்திரமும் பற்றாக்குறை, கைகள் ஏராளம் என்ற காலத்தில் அதுவும் புத்திசாலித்தனமான முடிவுதான். இன்றைக்கும் இரண்டும் நிற்கின்றன.

நான் சொல்ல வந்தது இதுதான். ஆலையில் எடை போட்டுக் கான்கிரீட் கலக்கும் வித்தை 1950-களிலேயே நம் நாட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அது அந்தந்த அணைக்கு மட்டும் கலந்த ஆலை. அணை முடிந்தால் ஆலையும் கிளம்பிவிடும். ஊரில் ஆபீஸ் கட்டுகிறவருக்கு நாகார்ஜுன சாகர் வழிதான். ஆள், சட்டி, சாரம்.

அடுத்த அதிசயம் 1968. அந்த வருஷம் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 4926 என்ற விதியை வெளியிட்டது. தலைப்பே ரெடிமிக்ஸ் கான்கிரீட். 1976-ல் திருத்தவும் செய்தார்கள். ஆனால் ஊரில் விற்பதற்கு ரெடிமிக்ஸ் என்று ஒன்று நிலைக்கவே 1994 ஆயிற்று. தாலி செய்து 26 வருஷம் கழித்து மாப்பிள்ளை வந்த கதை. ஏன் இவ்வளவு தாமதம்? கூலி மலிவு என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி எங்கள் அப்பாவின் பர்மிட்டில் இருக்கிறது.

சிமென்ட் மேல் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்தது. போர் முடிந்தும் போகவில்லை. 1966-ல் கொஞ்சம் தளர்த்திப் பார்த்து, 1968-ல் மறுபடி பூட்டினார்கள். ஆம், ரெடிமிக்ஸ் விதி வந்த அதே 1968. மாவு ரேஷனில் கிடைக்கிற ஊரில் யாராவது பேக்கரி வைப்பார்களா? ரெடிமிக்ஸ் ஆலைக்குத் தினமும் நூற்றுக்கணக்கான மூட்டை சிமென்ட், கேட்ட நேரத்தில், கேட்ட அளவில் வேண்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு பர்மிட் என்றால் ஆலை எப்படி ஓடும்?

இந்தப் பூட்டு திறந்த கதைக்கும் மும்பைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1982-ன் முதல் இரண்டு மாதங்களில் மூன்று சம்பவங்கள். ஜனவரியில் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே பதவி விலகினார். சிமென்ட் ஒதுக்கீட்டுக்கும் அறக்கட்டளை நன்கொடைக்கும் முடிச்சுப் போட்டதாக எழுந்த வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்திருந்தது. ஒரு மூட்டைப் பொருள் முதல்வர் நாற்காலியையே சாய்த்தது என்றால் அதற்கு எவ்வளவு தட்டுப்பாடு இருந்திருக்க வேண்டும்! அதே ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. பிப்ரவரி கடைசியில் மத்திய அரசு சிமென்ட்டைப் பாதி அவிழ்த்துவிட்டது. ஆலை ஒரு பங்கை அரசுக்குக் கட்டுப்பாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, மீதியை வெளியில் விற்றுக்கொள்ளலாம். 1989 மார்ச்சில் முழுக்க விடுதலை.

அந்தச் சமயத்தில் யாரும் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து லோயர் பரேலில் மூன்றும் சந்தித்தன. வேலைநிறுத்தத்துக்குப் பிறகு எழுந்திருக்காத ஆலைகளின் நிலத்தில் வேறு கட்டடம் கட்ட 1991-ன் விதி வழிவிட்டது. புகைபோக்கி நின்ற இடத்தில் கண்ணாடி ஆபீஸ். ஆனால் அங்கே போய்ப் பாருங்கள், சுற்றிலும் சால், குறுக்குச் சந்து, ரயில் பாலம். மனையில் அடித்தளம் தோண்டினால் மணலும் ஜல்லியும் கொட்ட ஓரடி இடம் இருக்காது. வெளியில் கலந்து கொண்டுவருவதைத் தவிர வேறு வழியில்லை.

இதற்கிடையில் 1970-களின் எண்ணெய்ப் பணத்தில் வளைகுடா நாடுகளில் கட்டடம் கட்டப் போன நம் காண்டிராக்டர்களும் எஞ்சினியர்களும் அங்கே ரெடிமிக்ஸைப் பார்த்துப் பழகித் திரும்பினார்கள். புணேயிலும் மும்பையிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சில முயற்சிகள் முளைத்து வாடின. 1994-ல் ஏசிசி மும்பையில் ஆலை போட்டது. இந்தியாவின் முதல் வணிக ரெடிமிக்ஸ் ஆலை அதுதான் என்று அந்த நிறுவனம் சொல்லிக்கொள்கிறது. பிறகு எல் அண்ட் டி, இங்கிலாந்தின் ஆர்எம்சி என்று வரிசையாக வந்தார்கள். நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் தொடங்கின ஷ்விங் ஸ்டெட்டர் இந்தியா கம்பெனி, கலவை ஆலை, டிரான்ஸிட் மிக்ஸர், கான்கிரீட் பம்பு எல்லாம் தயாரித்து நாடு முழுக்க அனுப்பியது. மும்பை நடு இரவில் ஒரு பம்பின் பக்கவாட்டில் இருங்காட்டுக்கோட்டை என்று பார்த்தால் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

அதே 1998-ல்தான் நானும் ஒரு ரெடிமிக்ஸ் ஆலையில் தரக் கட்டுப்பாட்டு எஞ்சினியராக முதல் வேலைக்குச் சேர்ந்தேன். எந்த ஆலை என்பது வேண்டாம்.

இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று தெரிய, ஒரு பெரிய அடித்தள நாளைச் சொல்கிறேன். 2006, பழைய பஞ்சாலை நிலத்தில் ஓர் ஆபீஸ் கட்டடம். அடியில் போடும் ராஃப்ட் மட்டும் 2,400 கன மீட்டர். வண்டிக்கு 6 கன மீட்டர், அதாவது 14 டன்னுக்கு மேல். ஆக 400 நடை. நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பழைய கலவைக்கும் புதியதற்கும் நடுவில் ஒட்டாத கோடு விழும், அதன் வழியே பிற்பாடு தண்ணீர் வரும். மணிக்கு 80 கன மீட்டர் வீதம் 30 மணி நேரம். அப்படியென்றால் நாலரை நிமிஷத்துக்கு ஒரு வண்டி வந்து நிற்க வேண்டும். போய்வர ஒன்றரை மணி நேரம் என்றால் 20 வண்டி, பழுதுக்குக் கையிருப்பு 4. இரண்டு ஆலைகளிலிருந்து கொடுத்தோம். பகலில் பல சாலைகளில் கனரக வண்டிக்குத் தடை. அதனால் சனிக்கிழமை இரவு ஆரம்பித்து, ஞாயிறு முழுக்க ஓட்டி, திங்கள் விடிவதற்குள் முடிக்கத் திட்டம். அவ்வளவு பருமனான கான்கிரீட் உள்ளே சூடாகி வெடிப்பு விடும் என்பதால் தண்ணீருக்குப் பதில் ஐஸ் போட வேண்டும். மீன்காரர்களுக்கு ஐஸ் கொடுக்கிற ஆலையில் பாளம் பாளமாக வாங்கி உடைத்துப் போட்டோம். அந்த ஞாயிறு அந்தப் பக்கம் மீன் விலை ஏறியிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

திங்கள் காலை கடைசி வண்டி கொட்டியபோது சைட்டில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா? டிரைவர்களை விட்டுவிட்டால் ஒரு ஷிப்டுக்கு முப்பது பேர்கூட இல்லை. இதே வேலையைச் சட்டியில் செய்திருந்தால் எத்தனை நூறு பேர், எத்தனை நாள்!

அந்த நூறு பேர் எங்கே போனார்கள் என்பது எனக்குப் பதில் தெரிந்த கேள்விதான். நான் சேர்ந்த புதிதில் ஆலை வாசலில் சட்டிக் கூட்டத்து மேஸ்திரிகள் வந்து நிற்பார்கள். தெலுங்கு பேசும் மெஹபூப்நகர்க்காரர்கள். நாட்டின் பாதி அணைகளில் மண் சுமந்த பாலமூர்க் கூலிகள் என்று பெயர் பெற்ற ஊர். சேலம், விழுப்புரம் பக்கத்து நம்மவர்களும் உண்டு. "ஒரு ஸ்லாபுக்கு எண்பது பேரு வருவோம் சார், இப்ப பைப்பைப் புடிக்க எட்டுப் பேரு போதும்ங்கறாங்க" என்று ஒரு மேஸ்திரி சொன்னார். எட்டுப் பேரும் ஆண்கள். சட்டி தூக்கிய பெண்களுக்கு பம்பு வந்த சைட்டில் செங்கல்லும் கூட்டுகிற வேலையும்தான் மிஞ்சின. தலையில் ஈரக் கான்கிரீட் சுமப்பது பெருமைக்குரிய வேலை என்று நான் சொல்லவரவில்லை. சிமென்ட் தண்ணீர் வழிந்து அவர்கள் கழுத்தும் கையும் வெந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சுமை இறங்கியபோது கூலியும் சேர்ந்து இறங்கியது.

2001-ல் அப்பா மும்பை வந்தார். பெருமையாக ஆலைக்குக் கூட்டிப்போனேன். சிமென்ட் மூட்டையில் இல்லாமல் டேங்கர் லாரியில் வந்து குழாய் வழியாக உயரமான சைலோவில் ஏறுவதையும், கம்ப்யூட்டர் ஒரு பொத்தானில் மணல், ஜல்லி, சிமென்ட், தண்ணீர் எல்லாம் எடை போடுவதையும், அதைக் கிலோ கணக்கில் அச்சடித்துத் தருவதையும் காட்டினேன். கண்ணால் அளக்கிற தண்ணீர் இல்லை, பெட்டியால் அளக்கிற மணல் இல்லை. அப்பா எல்லாவற்றையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். டீ குடிக்கும்போது கேட்டார்.

"எல்லாஞ் சரிதாம்ல. வாங்குதவன் காலிச் சாக்க எங்கன போயி எண்ணுவான்?"

"அதான் பிரிண்ட் இருக்கேப்பா. சலான்ல எல்லாம் எழுதியிருக்கும்."

"அது நீ எழுதுனது. வண்டி கெளம்புன பொறவு யாரு பாக்கா?"

நான் பேச்சை மாற்றினேன். ஏனென்றால் அந்தக் கேள்விக்கு என்னிடம் இரண்டு வருஷமாக ஒரு பதில் இருந்தது.

1999 ஜூலை. நல்ல மழை. புறநகரில் ஓர் ஆபீஸ் கட்டடத்துக்கு நாலாவது மாடித் தூண்கள், எம்30 கான்கிரீட். இரவு 9.10-க்கு ஒரு வண்டி கிளம்பியது. ஓட்டியவர் நாமக்கல்காரர், ஐம்பதை நெருங்கியவர். சப்வேயில் தண்ணீர் தேங்கி வண்டி மாட்டிக்கொண்டது. சைட்டுக்குப் போய்ச் சேரும்போது 11.55. இரண்டு மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. டிரம்மில் கலவை களி மாதிரி இறுகி, பம்புக்குள் இறங்கவில்லை. சைட் போனில் கூப்பிட்டார்.

"என்னங்க தம்பி பண்றது? திருப்பிக் கொண்டாரட்டுங்களா?"

திருப்பிக் கொண்டுவந்தால் 6 கன மீட்டர் நஷ்டம். வழியில் இறுகினால் டிரம்மும் போச்சு, ஆள் உள்ளே இறங்கி உளி வைத்துக் கொத்த வேண்டும். சைட்டில் தூண்பெட்டி திறந்து காத்திருக்கிறது. மேலதிகாரி தூங்குகிறார். எனக்கு வயது 24. "ஒரு 200 லிட்டர் ஊத்திச் சுத்தி இறக்கிட்டு வந்துடுங்கண்ணே" என்றேன்.

தண்ணீர் ஏறினால் பலம் இறங்கும் என்பது 1918-லேயே சிகாகோவில் டஃப் ஆப்ராம்ஸ் கண்டு சொன்ன விதி. முதல் செமஸ்டரில் மனப்பாடம் செய்தது. 6 கன மீட்டருக்கு 200 லிட்டர் என்றால் பலத்தில் நாலில் ஒரு பங்கு போகும் என்று எனக்குத் தெரியும். சலானில் "சைட்டில் சேர்த்த தண்ணீர்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் யாரும் எதுவும் எழுதவில்லை.

28-ம் நாள் கான்கிரீட் கட்டிகளை உடைத்துப் பார்த்தார்கள். 30 வர வேண்டிய இடத்தில் 25. தூணில் துளை போட்டு மாதிரி எடுத்தார்கள், அதுவும் தேறவில்லை. அந்த வண்டியிலிருந்து போட்ட நாலு தூணுக்கும் வெளிச்சுற்றாகக் கம்பி கட்டி, மறுபடி கான்கிரீட் போட்டுப் பருமனாக்கினார்கள். கட்டடம் இன்றைக்கும் நன்றாக நிற்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. விசாரணை வந்தது. ஆலையின் அச்சு சரியாக இருந்தது, எடை சரியாக இருந்தது, சலானில் என் கையெழுத்து சரியாக இருந்தது. மிஞ்சியது டிரைவர். "நானாத்தான் ஊத்துனனுங்க" என்று சொல்லிவிட்டார். வேலையை விட்டு அனுப்பினார்கள். நான் அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

ஐந்து வருஷம் கழித்து வேறொரு கம்பெனியின் ஆலையில் அவரைப் பார்த்தேன். காலில் விழாத குறையாக ஏதோ உளறினேன். "வுடுங்க தம்பி. எனக்கு ஸ்டீரிங் புடிக்கத் தெரியும், எங்க போனாலும் சோறு கெடைக்குமுங்க. உங்களுக்கு மொத வேலைங்க" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சையே அவர் எடுக்க விடவில்லை. தொடர்பு மட்டும் விடாமல் இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவார்.

தொழில் அதன் பாட்டில் வளர்ந்தது. ஐ.எஸ். 4926-ஐ 2003-ல் திருத்தி எழுதினார்கள், இந்த முறை நிஜமாகவே ஆலைகள் இருந்தன. எல் அண்ட் டியின் ரெடிமிக்ஸ் வியாபாரம் 2008-ல் லஃபார்ஜுக்குப் போய், பிறகு நிர்மா குழுமத்திடம் வந்து, நுவோகோ என்று பெயர் மாறியது. ஏசிசியே 2022-ல் அதானி கைக்குப் போனது. அப்போதெல்லாம் சைட்டிலேயே கலந்தால் உற்பத்தி வரி இல்லை, ரெடிமிக்ஸ் என்றால் இருந்தது. அப்படியானால் ரெடிமிக்ஸ் ஆலையைச் சைட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால்? இந்த வழக்கு 2015-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது, இரண்டும் வேறு வேறு என்று தீர்ப்பு வந்தது. இப்போது வண்டிகளில் ஜிபிஎஸ் இருக்கிறது. வண்டி எங்கே எத்தனை நிமிஷம் நின்றது என்று திரையில் பார்க்கலாம். சில வண்டிகளில் டிரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது, தண்ணீர் எவ்வளவு சேர்ந்தது என்பதற்குக்கூடக் கருவி உண்டு. 1999-ல் இது இருந்திருந்தால் அந்த அறையில் வேறு ஆள் நின்றிருப்பான்.

ஆக, மாமிக்கு என் பதில்: ரெடிமிக்ஸ் கான்கிரீட் சட்டிக் கலவையைவிட நல்லது. சந்தேகமே வேண்டாம். 24 வயதுப் பையன் ராத்திரி போனில் என்ன சொன்னான் என்பதை மட்டும் கட்டடத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த முறை வீடு வாங்கும்போது பில்டரிடம் டைல்ஸ் கலரை மட்டும் கேட்காமல், 28 நாள் கட்டி உடைத்த ரிப்போர்ட்டையும் கேளுங்கள். முகம் சுளித்தால் நன்றாகக் கேளுங்கள்.

நாமக்கல் அண்ணன் ஓய்வு பெற்று 2016-ல் ஊரில் வீடு கட்ட ஆரம்பித்தார். பிளான் கேட்டு எனக்குத்தான் போன். கம்பி அளவு, தூண் அளவு எல்லாம் போட்டுக்கொடுத்தேன். "பக்கத்துலயே ரெடிமிக்ஸ் ஆலை வந்துருக்குண்ணே, நான் பேசி நல்ல ரேட்டுக்கு வாங்கித் தர்றேன், பம்பு வச்சு மூணு மணி நேரத்துல தளம் முடிஞ்சுரும்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரிப்பு.

"வேண்டாமுங்க தம்பி. சைட்லயே மிக்ஸர் வச்சுப் போட்டுக்கறனுங்க."

தளம் போட்ட அன்று அவர் பையன் போட்டோ அனுப்பினான். மிக்ஸர் ஒரு பக்கம், வேப்பமரத்தடியில் கறிச்சோற்றுக்கு அடுப்பு ஒரு பக்கம். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே, காலுக்குப் பக்கத்தில், பத்துப் பத்தாக அடுக்கிக் கட்டிய காலிச் சாக்கு.